இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார்

கார் பார்க்கப் போன முதல் இடத்திலேயே என் தங்கை தப்பான கதவைத் திறந்தாள். விற்பவர், ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் எதிரே வெறும் பலகை இருப்பது தெரிந்தது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, ஸ்டியரிங்கை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விற்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எப்படிப் புரியும்? இருபத்தாறு வருடம் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து சம்பாதித்தவள் அவள். டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. எங்கள் பகுதியில் அவள் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பிரேக் டீச்சர்' என்றால் பஸ் டிரைவர்கூடக் கையைத் தூக்குவார்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கும்போது அவள் சொல்லும் முதல் வார்த்தை, "பயப்படாதே, பிரேக் எங்கிட்டயும் இருக்கு" என்பதுதான். ஸ்கூல் காரில் அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்துப் பெடல்களையும் கம்பியால் இணைத்திருப்பதால், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கமும் தானாக இறங்கும். அவள் எப்போதும் பாதத்தைப் பெடல்மேல் சும்மா வைத்திருப்பாள். அழுத்த மாட்டாள். பழகுகிறவர் எவ்வளவு பயத்தோடு மிதிக்கிறார், எவ்வளவு தைரியத்தோடு மிதிக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கம்பி வழியாக அவள் பாதத்துக்கு வந்துவிடும். முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை என்பாள். அவளிடம் பழகியவர்கள் யாரும் பழகும்போது ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. இதை நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

எனக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நான் எட்டாவது வரை படித்து, துணி திருத்தும் கடை வைத்திருப்பவள். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது இதுதான் என் வேலை. "உனக்கெதுக்குக்கா லைசென்ஸ்னு கேக்க மாட்டேன். என் அக்காவுக்கு ஓட்டத் தெரியலன்னா என் பொழப்பு என்ன ஆகறது?" என்று இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

அவளுடைய புருஷன் மட்டும்தான் கடைசிவரை பழகவில்லை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். பெரிய மைதானத்தை ஒரு சுற்று முடிப்பதற்குள் இருவரும் ஆளுக்கு ஒரு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஆளுக்கு ஒரு திசையில் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். கார் மைதானத்திலேயே நின்றது. "குடும்பம் வேணுமா, லைசென்ஸ் வேணுமான்னு கேட்டா குடும்பத்தையே வச்சுக்கறேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் மனுஷன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். பொறுமையானவர். அவர் கையால் தொட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒருநாள் அவள் கால் தாமதமாக வந்தது.

ரவுண்டானாவில் ஒரு சின்னப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் லாரி. அந்தப் பெண் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் தங்கை கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்கப் போனாள். வலது கால் போனது. இடது கால் வரவில்லை. இருந்த இடத்திலேயே கிடந்தது. அந்தத் தடுமாற்றத்தில் பிரேக்கும் பிந்திப் போக, அந்தப் பெண்ணே அலறியடித்து நிறுத்திவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என் காலுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு கால் போயிடுச்சுக்கா."

"அதனால என்ன? நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்க, பிரேக்கைப் போட்டுட்டா."

"இல்லக்கா. நான் அவகிட்ட என்ன சொல்லி உக்கார வச்சேன்? பிரேக் எங்கிட்டயும் இருக்குன்னு சொன்னேன். இன்னைக்கு இல்ல."

மறுநாளே போய் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள். ஒரு மாதமாவது லீவு போடு, பார்க்கலாம் என்று அவர் கெஞ்சினாராம். அதற்கப்புறம் அந்த இருக்கையில் சம்பளத்துக்காக அவள் உட்காரவே இல்லை. இதையும் நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

டாக்டர்கள் ஊசி குத்தினார்கள், படம் எடுத்தார்கள், காலில் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும் நோய் என்றார். இடது காலில் ஆரம்பித்திருக்கிறது. பிறகு வலது கால், கைகள், பேச்சு, மூச்சு. எது எப்போது என்று சொல்ல முடியாது. தொட்டால் தெரிவது மட்டும் போகாது என்றார். அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னார், பாவம். அவருக்கும் சொல்ல ஏதாவது வேண்டுமே.

அதற்கடுத்த வாரம் அவள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஒரு பேண்ட்டுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"அக்கா, எனக்கு ஒரு கூபே வேணும்."

"அப்படின்னா?"

"ரெண்டே கதவு. கூரை தாழ்வா இருக்கும். முன்னாடி ரெண்டு பேர் உக்காரலாம். பின்னாடி ரெண்டு பேர் உக்காந்த மாதிரி நடிக்கலாம்."

"வாங்கி?"

"மிதிக்கப் போறேன்." வலது காலை நீட்டிப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். "என் பக்கம் ஆக்ஸிலேட்டர் எப்பவும் இருந்ததில்லக்கா. இத்தனை வருஷமா அடுத்தவங்க போறதை நான் நிறுத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

"ஸ்கூல் காரை வீட்டுக்கு ஓட்டிட்டு வருவியே?"

"தலையில போர்டை மாட்டிக்கிட்டா? கொஞ்சம் வேகமாப் போனாப் போதும், 'உங்க ஸ்கூல் கார் பறக்குது'ன்னு எவனாவது அதுல இருக்கற நம்பருக்கே போன் பண்ணுவான். அந்த நம்பர் என்னோடதுக்கா!"

சிரித்தோம். ஊசி என் விரலில் ஏறியதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். வலது கால் இருக்கும்வரை, அந்தக் காலால், தனக்காக ஒருமுறை ஓட்ட வேண்டும். இதுதான் அவள் கேட்டது. வேறு எதுவும் அவள் யாரிடமும் கேட்டவள் இல்லை.

அவள் புருஷனுக்கு இது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பழைய கார்தான் வாங்க முடியும், பழைய வேகக் கார் என்றால் முதல் ஆள் ஆசைக்கு ஓட்டி, இரண்டாவது ஆள் அடித்து ஓட்டி, மூன்றாவது ஆள் தலையில் கட்டுவது என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"நல்ல லிஃப்ட் எது தெரியுமா?" என்றார். "ஏறி இறங்கினவனுக்கு, லிஃப்ட்டுல வந்தோம்கறதே ஞாபகம் இருக்கக் கூடாது. காரும் அப்படித்தான். தொந்தரவு பண்ணாம கொண்டுபோய்ச் சேக்கணும்."

"அதைத்தாங்க வேணாங்கறேன்," என்றாள் தங்கை. "எனக்கு ஞாபகம் இருக்கணும்."

கார் பார்க்க எங்கள் மூன்று பேரோடும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனோம். அவர் பெயர் 'மூணாங்கியர்'. அவளிடம் பழகும்போது தினமும் மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்ப முயன்று அணைத்துவிடுவாராம். அந்த மனுஷன்தான் இன்றைக்கு நாலு பேர் வேலை செய்கிற வொர்க்ஷாப் வைத்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் கார்களுக்கு இரட்டைப் பெடல் பொருத்துவதும் அவர்தான்.

அந்த முதல் கார் வெள்ளை. கண்ணாடி மாதிரி மின்னியது. தங்கை சரியான கதவு வழியாக மறுபடி ஏறுவதற்கு முன் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"சும்மா... பேட்டரிக்காக," என்றார் விற்பவர்.

குளிர்ந்த என்ஜினை முதலில் கிளப்பும்போதுதான் அதன் நோயெல்லாம் வெளியே கேட்கும், சூடாக்கிவிட்டால் மறைந்துவிடும் என்று மூணாங்கியர் எனக்கு மெதுவாக விளக்கினார். நான் பாட்டுக்கு இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? ஓட்டுபவர் இருக்கையின் பக்கவாட்டுத் தையல் ஒரு பக்கம் மெல்லிய நூல், மறுபக்கம் கெட்டி நூலாக இருந்தது. ஒரே கையில் தைத்தது இல்லை. அதைச் சொன்னதும் அவர் குனிந்து பார்த்தார். அந்த இடத்துக்குள்தான் காற்றுப்பை இருக்கும், மோதினால் தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதற்காக அங்கே மட்டும் மெல்லிய நூல் போடுவார்களாம். இது ஒருமுறை பிய்ந்து, யாரோ நன்றாக இழுத்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே பை இருக்கிறதோ என்னவோ. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது சாம்பல் நிறக் கார். அதை வைத்திருந்தவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்பவர். கொட்டகையில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். நாலு சிலிண்டர், வேகத்தைக் கூட்டும் டர்போ கிடையாது. தொட்டால் ஜில்லென்று இருந்தது பானெட். சாவியைத் திருப்பியதும் இருமாமல் கிளம்பியது. மூணாங்கியர் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், சுத்தம். நாலு டயரும் ஒரே ரகம். கதவு இடுக்குகள் நான் அளவெடுத்துத் தைத்த மாதிரி சமமாக இருந்தன. கிளட்ச் அவ்வளவு லேசு. தங்கை தன் இடது காலாலேயே, தொடையைக் கையால் கொஞ்சம் தாங்கிக்கொண்டு, மிதித்துவிட்டாள். தெருக்கோடி வரை போய் வந்தாள்.

"இது சாகாது டீச்சர்," என்றார் மூணாங்கியர். "ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்துங்க. பதினஞ்சு வருஷம் கவலையே இல்ல."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"நல்லா இருக்கு. வீட்டுல பாத்து வச்ச மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியாது."

"என்னை மாதிரின்னு நேராவே சொல்லேன்," என்றார் அவள் புருஷன்.

"ஆமா, உங்களை மாதிரிதான். அதான் ஏற்கனவே ஒண்ணு வச்சிருக்கேனே, போதாதா?"

தபால்காரரும் சேர்ந்து சிரித்தார்.

மூன்றாவது கார் கருநீலம். ஒரு அம்மாவுடையது. குழந்தை பிறந்த பிறகு குழந்தை இருக்கை உள்ளே நுழையவில்லை என்று விற்கிறார். ஆறு சிலிண்டர், டர்போ. இதுவும் குளிர்ந்துதான் இருந்தது, ஏமாற்று வேலை இல்லை. கிளப்பியதும் முதல் இரண்டு மூச்சுக்கு, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பிறகு அடங்கி, ஆழமாக உறுமியது. மூணாங்கியர் முகம் மாறியது. என்ஜின் உள்ளே இருக்கும் செயின் தளர்ந்திருக்கிறது என்றார். படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். ஆயில் கசிந்து அழுக்கேறியிருந்தது.

முதலில் அவர் ஓட்ட, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து போனாள். நாங்கள் வாசலில் நின்றோம். தெருமுனை திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டது. அதைச் சத்தம் என்று சொல்லவும் மனசில்லை. திரும்பி வந்தபோது அவள் முடி கலைந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"அக்கா," என்றாள். "முதுகுல யாரோ கை வச்சு, 'போ, போ'ன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா."

பிறகு அவள் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாள். அந்தக் காரின் கிளட்ச் கல் மாதிரி. இரண்டு கையாலும் தொடையை அழுத்தி மிதித்தாள். கியர் போட ஒரு கையை எடுத்ததும் கால் எழும்பிவிட்டது. கார் துள்ளி அணைந்தது. மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைந்தது. ஆயிரம் பேருக்கு "பரவாயில்ல, எல்லாருக்கும் அணையும்" என்று சொன்னவள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். விற்கும் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷி.

அங்கிருந்து நேராக வொர்க்ஷாப்புக்கு வந்தோம். மூணாங்கியர் டீ வாங்கி வரச் சொன்னார்.

"டீச்சர், மனசுல பட்டதைச் சொல்றேன். பவர்னா அந்த நீலந்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்பிக்கைன்னா சாம்பல். நீலத்துக்கு செயின் மாத்தணும்னா என்ஜினையே வெளிய எடுக்கணும், அவ்வளவு வேலை. மாத்தாம ஓட்டலாம். ஒரு ஒன்றரை வருஷம் ஓடும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

"அது போதுமே," என்றாள் தங்கை.

சாதாரணமாகத்தான் சொன்னாள். டீ சூடாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. மூணாங்கியர் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. என் தங்கையின் புருஷன் எழுந்து, கார்களைத் தூக்கி நிறுத்தும் மேடைக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதன் தூணைத் தடவினார்.

"இங்க ஒரு போல்ட் லூஸா இருக்கு," என்றார்.

அவர் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து அதை இறுக்கினார். நன்றாக இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தார். நான் சாம்பல் காருக்காக வாதாட எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். பதினைந்து வருடம் உழைக்கும் காரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அவர் திரும்பி வந்து, கேட்டார்: "சரி. கிளட்ச்சை யார் மிதிக்கறது?"

அதுதான் அவருடைய சம்மதம்.

மூணாங்கியர் தலையைத் தூக்கினார். அவர் பார்வை சுவரில் போய் நின்றது. அங்கே ஸ்கூல் கார்களுக்குப் பொருத்தும் இரட்டைப் பெடல்கள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?"

"தினமும் தையல் மெஷின் மிதிக்கற காலு உன்னோடது ஒண்ணுதான் இங்க இருக்கு," என்றாள் என் தங்கை.

இப்படித்தான் அந்த நீலக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது, பக்கத்து இருக்கையின் கீழ் ஒரு கிளட்ச், ஒரு பிரேக்கோடு. அவள் ஸ்டியரிங்கையும் கியரையும் ஆக்ஸிலேட்டரையும் எடுத்துக்கொண்டாள். அவள் பக்கத்துப் பிரேக் அவளுக்கு, என் பக்கத்துப் பிரேக் ஆபத்துக்கு. கிளட்ச் முழுக்க என் பொறுப்பு. அவள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் மைதானத்தில் காரைக் குதிக்கவிட்டேன்.

"அக்கா, தையல் மெஷின் மாதிரி தடதடன்னு மிதிக்காத! இது ஒரே ஒரு தையல். இறக்கு... இப்ப மெதுவா விடு... நூல் அறுந்துடக் கூடாது."

அப்படிச் சொன்னதும் எனக்குப் பிடிபட்டது. முதலில் அவள் "ம்" என்று சொன்னால் மிதிப்பேன். கொஞ்ச நாளில் "ம்" தேவைப்படவில்லை. கியர் மாற்ற நினைத்ததும் அவள் தோள் ஒரு நூல் அளவு இறங்கும், அதற்குள் என் கால் இறங்கியிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற கார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

கிடங்குகளைத் தாண்டி ஒரு நேர் சாலை இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் அங்கே லாரி வராது. அந்தச் சாலைக்குப் போவோம். அனுமதித்த வேகத்துக்கு மேல் அவள் ஒருநாளும் போனதில்லை, எத்தனை இருந்தாலும் டீச்சர் அல்லவா. ஆனால் நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தைத் தொடுகிற இடைவெளி இருக்கிறதே, அதில்தான் அவளுடைய சந்தோஷம் முழுக்க இருந்தது. மிதிப்பாள். கார் பின்னங்கால்களில் உட்கார்ந்து எழுந்த மாதிரி பாயும். கிடங்குச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவள் வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் சிரிப்பாள். பிறகு காலை எடுத்து, காரைத் தானாகத் தணியவிட்டு, "இன்னொரு தடவைக்கா?" என்பாள், ஊஞ்சலில் இருந்து இறங்க மாட்டேன் என்கிற குழந்தை மாதிரி. நானா வேண்டாம் என்பேன்?

வீட்டில் அவள் புருஷன் குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தினார். வாசல் படியைச் சரிவாக்கினார். படுக்கையிலிருந்து எழுப்ப லிஃப்ட் கம்பிகளை வைத்து ஏதோ செய்தார். நாங்கள் காரில் கிளம்பும்போது வாசலில் நின்று, டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்ப்பார். அவருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் தட்டாமல் விட மாட்டார்.

வலது கால் போனது ஒரு காலை நேரம், அந்தச் சாலையிலேயே. வழக்கம்போல மிதித்தாள். கார் பாய்ந்தது. வழக்கமாகக் காலை எடுக்கும் மஞ்சள் சுவர் தாண்டிப் போனது. என்ஜின் சத்தம் குறையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை.

"அக்கா, கால் வர மாட்டேங்குது."

சாலை முடிகிற இடத்தில் பெரிய சாலை குறுக்கே போகிறது. நான் யோசிக்கவில்லை. என் இரண்டு காலும் ஒன்றாக இறங்கின. கிளட்ச் பிடித்ததும் என்ஜின் மட்டும் தனியாக ஓலமிட்டது. அந்த ஓலத்துக்கு நடுவே கார் மூக்கைத் தாழ்த்தி, இழுத்து, குறுக்குச் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றது. அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். கை அப்போது நன்றாக இருந்தது.

சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. குனிந்து, அவளுடைய வலது பாதத்தை என் கையால் தூக்கிப் பெடலை விட்டு நகர்த்தி வைத்தேன். அது கனமாக இருந்தது.

"சொல்லுக்கா," என்றாள்.

"என்ன சொல்ல?"

"நான் எல்லாருக்கும் சொல்வேன்ல. இந்த நேரத்துலதான் அதைச் சொல்லணும்."

சொன்னேன்: "பயப்படாதே. பிரேக் எங்கிட்டயும் இருக்கு."

தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொள்ளப் பெல்ட்டைக் கழற்றவும் பயந்து, அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் என் கால்கள் பெடல்களை அழுத்திக்கொண்டுதான் இருந்தன.

அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்து நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். சாவியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. காரை வாங்கி ஆறேழு மாதம்கூட ஆகியிருக்காது.

ஆனால் அவளைக் காரில் கூட்டிப்போவதை நிறுத்தவில்லை. அவளைத் தூக்கி அவளுடைய பழைய பக்கத்தில் உட்கார வைப்போம். பாதங்களை எடுத்துப் பெடல்கள்மேல் வைக்கச் சொல்வாள். அழுத்தப் பலம் இல்லை. ஆனால் டாக்டர் சொன்ன அந்த நல்ல செய்தி உண்மைதான், தொட்டால் தெரிந்தது. நான் என் பக்கம் மிதிக்க, அவள் பக்கம் பெடல் இறங்க, கம்பி வழியாக என் கால் அவளுக்குக் கேட்கும்.

"லேட்டாத் தொடறக்கா. இன்னும் கொஞ்சம் முன்னாடி."

"சரிடி."

"இப்ப பயந்து மிதிச்ச."

"பஸ் வந்துச்சுடி!"

"பஸ் அது பாட்டுக்குத்தான் வந்துச்சு. நீதான் பயந்த."

பேச்சு குழறத் தொடங்கிய பிறகு, நன்றாக மிதித்தால் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பாள். தப்பாக மிதித்தால் என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஒரு மழைக்கால முடிவில் மூச்சும் நின்றது. அவளிடம் பழகியவர்கள் கார்களில் வந்தார்கள். எங்கள் தெருவில் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக, ஒன்றைக்கூட ஒன்று உரசாமல் கார்கள் நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

மூணாங்கியர் சொன்ன ஒன்றரை வருடம் எப்போதோ கடந்துவிட்டது. காலையில் கிளப்பினால் இரண்டு மூச்சுக்கு அந்த டப்பாச் சத்தம் கேட்கிறது, அடங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் மோசமாகவில்லை. ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் ஓடுது பெரியக்கா" என்கிறார், ஏதோ அவர் பொய் சொல்லிவிட்ட மாதிரி.

போன முறை அவர் கேட்டார்: "பெரியக்கா, அந்தப் பெடலைக் கழட்டிடவா? இப்ப யாருக்கும் தேவையில்ல. விக்கறதா இருந்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

நான் பதில் சொல்வதற்குள் என் தங்கையின் புருஷன், "இருக்கட்டும்" என்றார்.

விடுமுறை நாட்களில் அவரைக் காய்கறிக் கடைக்கோ, டாக்டரிடமோ அந்தக் காரில்தான் கூட்டிப் போகிறேன். அவர் பக்கத்து இருக்கையில் உட்காருவார். கால் நீட்ட அங்கே வேண்டிய இடம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு காலையும் மடக்கி, இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொள்வார். சிக்னல் வரும்போது நான் பிரேக்கைத் தொடுவேன், கொஞ்சம் முன்னாடியே, அவள் சொன்ன மாதிரி. அவர் காலடியில் அந்தப் பெடல் தானாக மெதுவாக இறங்கும். கார் நிற்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.